வேனற்கட்டி முதல் ராஜபிளவை வரை

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட செம்மண் சமவெளி அடுப்பில் வைத்த ஓடு போலக் காய்கிறது. ஒரு பக்கம் சேர்வராயன் மலையும் மறுபக்கம் கொல்லி மலையும் நின்றாலும் அவற்றின் குளிர்ச்சி கீழே இறங்கி வருவதில்லை. அந்நாள்களில் பிள்ளைகளின் நெற்றியிலும் பிடரியிலும் முதலில் வேர்க்குரு அரும்புகிறது. நான்கைந்து நாள்களில் அவற்றுள் ஒன்று சிவந்து, புடைத்து, நுனியில் மஞ்சளாகச் சீழ் கோத்துக்கொள்கிறது. ஊரார் அதற்கு வேனற்கட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாம்பழம் தின்றதால் வந்த சூடு என்று பாட்டிமார் காரணமும் சொல்கிறார்கள். மாம்பழத்தின் மீது சுமத்தப்படும் அந்தப் பழி நியாயமானதன்று. ஆனால் பருவத்தைப் பற்றி அவர்கள் கண்டறிந்தது சரியே. வியர்வையில் ஊறிய தோலில் மயிர்க்கால்கள் அடைபடுகின்றன, பிள்ளைகள் சொறிகிறார்கள், நகம் பட்ட இடத்தில் கிருமி உள்ளே இறங்குகிறது.

இதே சமவெளியில் இன்னும் பல பெயர்கள் வழங்குகின்றன. ஜவ்வரிசி ஆலைக்காக நாள் முழுதும் ஈரக் கையுடன் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பெண்களுக்கு நகச்சுற்று வருகிறது. கண்ணிமையின் ஓரத்தில் வருவது கண்கட்டி. பள்ளிப் பிள்ளைகளின் மூக்கடியிலும் வாயோரத்திலும் தேன்நிறப் பொருக்கோடு படர்வது சிரங்கு. பிள்ளை பெற்ற தாயின் மார்பில் பால் கட்டிப் பின்பு பழுப்பது ஒன்று. கறவை மாட்டின் மடி கல்லாய் இறுகிப் பாலில் திரி திரியாக வருவது மடிநோய். கோழிப் பண்ணையில் கோழியின் உள்ளங்காலில் உருண்டையாகத் திரளும் வீக்கமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகிலோ பிடரியிலோ பல கண்களோடு எழுந்து ஆளையே சாய்த்துவிடும் ராஜபிளவை. மக்கள் இவற்றுக்கு இடத்தைப் பார்த்தும் உருவத்தைப் பார்த்தும் தனித்தனியே பெயரிட்டனர். பின்னாளில் நுண்ணோக்கி வந்து பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் குற்றவாளி ஒன்றே என்று தெரிந்தது.

அதைக் கண்டவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன். காயம் ஆறும்போது சீழ் பிடிப்பது இயற்கை என்று அக்கால மருத்துவர்கள் பலர் எண்ணியிருந்தனர். நல்ல சீழ், கெட்ட சீழ் என்றுகூடப் பிரித்திருந்தனர். 1880-ஆம் ஆண்டு ஒரு நோயாளியின் காலில் இருந்த கட்டியைக் கீறிய ஆக்ஸ்டன், அந்தச் சீழை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார். உருண்டை உருண்டையான நுண்ணுயிர்கள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. திராட்சைக் குலை போல் இருந்ததால், குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1882-இல் அதற்கு ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய மருத்துவர் ரோசன்பாக் அதில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். வளர்ப்புத் தட்டில் பொன்னிறமாகப் படர்ந்தது ஆரியஸ். வெண்ணிறமாகப் படர்ந்தது பின்னர் எபிடெர்மிடிஸ் என்று பெயர் பெற்றது. குலையாக அன்றிச் சரம் சரமாகக் கோத்து நிற்கும் மற்றொரு கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தோலில் வரும் பெரும்பாலான சீழ்க்கட்டிகளுக்கும் படரும் சிவப்புகளுக்கும் இந்தப் பொன்னிறக் குலையும் சரமுமே காரணம்.

இவை எங்கிருந்தோ பறந்து வந்து தாக்கும் பகைவர்கள் அல்ல என்பதுதான் இவ்விஷயத்தில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது. வெண்ணிற வகை ஏறத்தாழ எல்லா மனிதரின் தோலிலும் பிறந்த நாள் தொட்டுக் குடியிருக்கிறது. பொன்னிற வகையோ நூறு பேரில் இருபது முப்பது பேரின் மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில் நிரந்தரமாகத் தங்கியிருக்கிறது; அவர்களுக்கு அதனால் ஒரு துன்பமும் இல்லை. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆன சுவர். அது ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் புதுப்பிக்கப்படுகிறது. அதன் மேற்பரப்பு மெல்லிய புளிப்புத் தன்மை உடையது. வியர்வையிலேயே கிருமியைத் தடுக்கும் புரதத் துணுக்கு உண்டு. வெண்ணிறக் கிருமிகள் இடத்தை நிரப்பிக்கொண்டு, முரடர்களுக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே தோலில் உள்ள கிருமியை எல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று விலை உயர்ந்த கிருமிநாசினிச் சோப்புகளை நாள்தோறும் தேய்ப்பதில் பொருள் இல்லை. டிரைக்ளோசான் முதலிய பொருள்கள் சேர்ந்த கை, உடல் கழுவிகள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்று உற்பத்தியாளர்கள் நிறுவாததால், 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. எளிய சோப்பும் தண்ணீரும் போதும். ஓருயிருக்கும் தீங்கு நினையாத மரபில் வந்தவர்களுக்கு இது ஆறுதலான செய்தியாகவும் இருக்கலாம்.

சுவரில் ஓட்டை விழும்போதுதான் கதை மாறுகிறது. எவ்வளவு சிறிய ஓட்டை போதும் என்பதற்கு 1924-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மாளிகையில் நடந்த ஒரு துயரம் சான்று. தலைவர் கால்வின் கூலிட்ஜின் இளைய மகனுக்கு வயது 16. ஜூன் 30-ஆம் நாள் காலுறை அணியாமல் காலணியை மட்டும் மாட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடினான். கால் விரலில் ஒரு கொப்புளம் எழுந்தது. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஓரிரு நாளில் காய்ச்சல் கண்டது. ஸ்டெஃபிலோகாக்கஸ் இரத்தத்தில் கலந்திருந்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் ஜூலை 7-ஆம் நாள் அவன் இறந்தான். அன்று அந்தக் கிருமிக்கு எதிரான மருந்து உலகில் எங்கும் இல்லை.

சரக்கிருமியின் வேகத்துக்கு இந்தியாவிலிருந்தே சான்று உண்டு. 1937 செப்டம்பரில் சாந்திநிகேதனத்தில் இரவீந்திரநாத் தாகூர் தம் 76-ஆம் வயதில் திடீரென மயங்கி நினைவிழந்தார். எரிசிபெலஸ் என்னும் படரும் தோல் தொற்றே காரணம். பிழைத்தெழுந்த பின் அவர் எழுதிய கவிதைகளே பிராந்திக் என்னும் தொகுதி ஆயின. எல்லாருக்கும் அப்படிப் பிழைத்தெழும் பேறு வாய்ப்பதில்லை.

இனி, கட்டி வந்தால் செய்ய வேண்டியதைப் பார்க்கலாம். சிறு வேனற்கட்டிக்கு வெந்நீர் ஒற்றடத்தைப் போன்ற மருந்து வேறில்லை. தூய துணியைத் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை ஒற்ற வேண்டும். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் கட்டி தானே பழுத்து உடைய உதவுகிறது. உடைந்தபின் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்த தூய துணியால் மூடிவைத்தால் பெரும்பாலானவை ஆறிவிடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றியவர்கள் ஒற்றட நீரின் சூட்டைத் தம் கையால் சோதிக்கக் கூடாது. வீட்டில் உள்ள வேறொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடு தெரியாமல் வெந்துபோன கால்களை இப்பகுதி மருத்துவர்கள் அறிவார்கள்.

கட்டியைப் பிதுக்குவது மட்டும் ஆகாது. உடல் அந்தச் சீழைச் சுற்றி ஒரு வேலி எழுப்பி வைத்திருக்கிறது. பிதுக்கும்போது சீழின் ஒரு பகுதி வெளியே வந்தாலும் மறு பகுதி வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கட்டியைப் பிதுக்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அங்குள்ள சிரைகள் கண்ணின் வழியாக மண்டைக்குள் உள்ள சிரைகளோடு தொடர்பு உடையவை. கண்ணாடி முன் நின்று நகத்தால் கட்டியைக் கிள்ளும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதைத் தாய்மார் சொல்லிவைப்பது நல்லது.

பெரிய கட்டி பழுத்துத் தளதளத்துவிட்டால் மருத்துவர் செய்வது மிகப் பழைய மருத்துவமே: கீறிச் சீழை வெளியேற்றுதல். மாத்திரை கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சீழ்க் குழிக்குள் இரத்த நாளங்கள் இல்லை. மாத்திரை இரத்தத்தின் வழியேதான் போகும். இரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆகவே முதல் சிகிச்சை கத்தியே, மாத்திரை அதற்குத் துணை. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. அதனால் விரல் ஓய்வு பெறுகிறது என்பதைத் தவிர வேறு பயன் சொல்ல முடியாது. சீழ் வைத்துவிட்ட பின்னும் பழத்தையே நம்பியிருப்பது விரலின் எலும்பைக் கிருமிக்கு விட்டுக்கொடுப்பதாகும். திறந்த புண்ணில் சாம்பல், சாணம், காப்பித்தூள் இவற்றை அப்புவது அதைவிடக் கொடிது. அது கட்டியோடு இரண ஜன்னியையும் அழைத்துவருவது.

சீழ் திரளாமல் தோல் சிவந்து, சூடேறி, வீங்கி, நாளுக்கு நாள் விரியும் தொற்று வேறு வகை. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வரும். கால்விரல் இடுக்கில் உள்ள சேற்றுப்புண்தான் பலருக்கு அதன் வாசல். வயலில் நீர் பாய்ச்சுவோரும் சாயப்பட்டறையில் ஈரத்தில் நிற்போரும் சேற்றுப்புண்ணை அற்பமாக எண்ணாமல் ஆற்றிக்கொண்டால் பெரிய தொற்று பலவற்றுக்கு வழி அடைபடும். அந்தச் சிவப்பின் ஓரத்தை ஒரு பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் எழுதிவைப்பது மருத்துவர்கள் கையாளும் எளிய உத்தி. சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, வெளியே தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி இருந்தாலோ, நோயாளி குழறிப் பேசினாலோ அது விடியும்வரை காத்திருக்கத் தக்க நோய் அன்று. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடை இடுக்கில் நெறி கட்டுவது இத்தொற்றின் உடன்நிகழ்வு. நெறிக்குத் தனியே வைத்தியம் தேடி நாளைப் போக்குவது வீண்.

ராஜபிளவை என்னும் பெயரை முன்னோர் சும்மா வைக்கவில்லை. அடுத்தடுத்த மயிர்க்கால்கள் பல ஒருசேரப் பழுத்து, தோலுக்கடியில் ஒன்றோடொன்று இணைந்து, சல்லடைக் கண்களின் வழியே சீழ் கசிவது அது. அது வந்தவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தும் அறியாதவர்களுக்கு அதுவே முதல் அறிவிப்பாக வருவதும் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் கட்டிக்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாகக் கணித்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலுக்கு வருபவர் காலையும் பார்க்கச் சொன்னால் வெட்கப்பட வேண்டியதில்லை.

கால் என்னும்போது இங்குக் கூடியிருக்கும் அன்பர்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. வழிபாட்டிடத்தில் காலணியைக் கழற்றுவது மரபு. வெயிலில் கல் தளத்தையும் மலைப்படியையும் வெறுங்காலோடு கடப்பதும் மரபு. நல்ல உணர்ச்சி உள்ள கால் சூட்டில் தானே எடுத்துவைத்து ஓடும். சர்க்கரையால் மரத்துப்போன காலோ நின்று வேகும். வெந்தது மாலையில் கொப்புளம் பார்த்த பின்தான் தெரியும். அத்தகையோர் வெயிலுக்கு முன் காலையிலேயே வழிபாட்டை முடித்துக்கொள்ளலாம். நடைபாதையில் கோணியோ தென்னைநார் விரிப்போ போட்டு நீர் தெளித்துவைப்பது விழா நடத்துவோர் செய்யக்கூடியது. இரவு படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். சென்னை இராயபுரத்தில் பேராசிரியர் மா. விசுவநாதன் 1954-இல் நிறுவிய சர்க்கரை நோய் மருத்துவமனை போன்ற இடங்களில் காலைப் பேணுவதற்கே தனிப் பிரிவு இருப்பதிலிருந்து, அந்த இரண்டு நிமிடத்தின் மதிப்பை உணரலாம்.

மருந்தின் கதைக்கு வருவோம். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் பென்சிலினைக் கண்டது ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ப்புத் தட்டில்தான். தட்டில் தவறி விழுந்த பூஞ்சையைச் சுற்றி அந்தக் கிருமிகள் கரைந்திருந்தன. ஆயினும் அது மனிதர் உடலுக்குள் போக 13 ஆண்டுகள் ஆயின. 1941 பிப்ரவரி 12-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு அது செலுத்தப்பட்டது. ரோஜா முள் கீறியதில் வந்த தொற்று என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. போர்க்காலக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்பது பின்னர் வந்த செய்தி. முகமெங்கும் சீழ் பிடித்து ஒரு கண்ணையும் இழந்திருந்த அவர், நான்கைந்து நாள்களில் எழுந்து உண்ணத் தொடங்கினார். ஆனால் உலகில் இருந்த பென்சிலின் அவ்வளவுதான். அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது. மார்ச் 15-ஆம் நாள் அவர் இறந்தார். சிகிச்சை பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த மருந்தின் முதல் நோயாளியே காட்டிச் சென்றார். அவருக்கு மருந்து கிடைக்கவில்லை. இன்று அது தட்டுப்பாடின்றிக் கிடைத்தும் பாதியில் நிறுத்தப்படுகிறது.

சங்ககிரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வடக்கே போகும் லாரி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நாள் கணக்கில் சூடான எந்திரத்தின் அருகே உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநருக்குப் பின்தொடையில் கட்டி வருகிறது. வழியில் ஏதோ ஒரு மருந்துக்கடையில் கட்டியைச் சொல்லி நான்கு மாத்திரை வாங்குகிறார். இரண்டு நாளில் வலி தணிகிறது. மீதி இரண்டு மாத்திரை வண்டியின் பெட்டியில் கிடக்கும். அடுத்த கட்டிக்கு, அல்லது கிளீனர் பையனின் தொண்டை வலிக்கு. இந்த நான்கு மாத்திரையில் எளிய கிருமிகள் மடிகின்றன. மருந்தைத் தாங்கும் திறன் தற்செயலாக அமைந்த சில கிருமிகள் மட்டும் எஞ்சி, போட்டியின்றிப் பெருகுகின்றன. அவை அவருடைய மூக்கிலேயே குடியேறி, பாட்னாவுக்கும் குவாஹாத்திக்கும் சென்று, திரும்பி வீட்டுக் குழந்தையின் துண்டிலும் ஒட்டுகின்றன. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியை நிறுத்தி மருத்துவரைப் பார்த்தால் அன்றைய கூலி போகும். வழியோரத்திலேயே முறையான சிகிச்சை கிடைக்கச் செய்வது லாரி உரிமையாளர் சங்கங்களும் அறக்கட்டளைகளும் கருதத்தக்க பணி.

மெதிசிலின் என்னும் மருந்து 1959-இல் வந்தது. 1961-இலேயே அதற்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் இங்கிலாந்தில் காணப்பட்டது. இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் உள்ள பெரிய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஆரியஸ் மாதிரிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த அடங்காத வகையே. ஆகவே திரும்பத் திரும்ப வரும் கட்டிக்கும் ஆறாத புண்ணுக்கும் சீழை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துக் கொடுப்பதே முறை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022 முதல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கையில் அச்சோதனை எட்டாத தூரத்தில் இல்லை. ஆற்றல் மிக்க பல மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் எச்-1 அட்டவணை விதி 2014 முதல் நடப்பில் உள்ளது. மாத்திரை அட்டையில் உள்ள செங்குத்துச் சிவப்புக் கோடு எச்சரிக்கைக் கோடு என்று மக்களுக்கு உணர்த்தும் இயக்கத்தை நடுவண் அரசு 2016-இல் தொடங்கியது. அந்தக் கோட்டை அழகுக்காகப் போட்டது என்று எண்ணுபவர்களே இன்னும் மிகுதி. கடையில் கேட்ட உடன் கிடைக்கும் கலப்புக் களிம்புகளைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அவற்றில் சேர்ந்துள்ள ஸ்டீராய்டு சிவப்பை ஓரிரு நாளில் மறைத்துவிடும். அந்த மறைவில் தொற்று தடையின்றிப் பரவும்.

நாமக்கல் என்றதும் முட்டை நினைவுக்கு வருவதால், பண்ணைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோயே இல்லாத கோழிக்கு, விரைவாக வளர்வதற்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லியைச் சிறு அளவில் கலப்பது உலகெங்கும் பல்லாண்டு நடந்த வழக்கம். ஓட்டுநரின் அரை மாத்திரையும் தீவனத்தின் கால் பங்கு மருந்தும் கிருமிக்கு ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தயாரிப்பதையும் விற்பதையும் 2019 ஜூலையில் நடுவண் அரசு தடை செய்தது. கொலிஸ்டின் ஸ்டெஃபிலோகாக்கஸை ஒன்றும் செய்யாது. அது வேறு கிருமிகளுக்கு உரியது. எனினும் பண்ணையில் செய்வது மருத்துவமனைக் கட்டிலில் வந்து முடியும் என்பதை அரசு ஒப்புக்கொண்ட தருணம் அது. மாட்டு மடிநோய்க்கு ஊசி போட்டபின் கால்நடை மருத்துவர் குறித்த நாள்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றாமல் இருப்பது கறவைக்காரருக்கு நட்டமே. ஊற்றிவிட்டால் அந்த நட்டம் பால் குடிக்கும் பிள்ளைகளுக்குப் போகிறது.

ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று மருந்தின் பெயரையே நூலுக்குச் சூட்டிய சமணப் புலவர்களின் மரபில், ஔடத தானம் நால்வகைக் கொடைகளில் ஒன்று. அந்தக் கொடையின் பெயரால், தமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் மீந்ததை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். நோய் அறியாமல் கொடுத்த மருந்து கொடையில் சேராது. கொடுக்க விரும்புவோர்க்குச் சீழ்ச் சோதனைக் கட்டணம் இருக்கிறது. ஏழை நோயாளிக்கு மெத்தென்ற காலணி இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்குக் கட்டி வந்து ஆறுவதற்குள் மற்றவருக்கும் வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். ஒரே துண்டும் ஒரே சவரக்கத்தியும்தான் காரணம். அவரவர்க்குத் தனித் துண்டு, நகத்தை ஒட்ட வெட்டுதல், படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைத்து இந்தச் சமவெளியில் குறைவின்றிக் கிடைக்கும் வெயிலில் உலர்த்துதல் ஆகியவை போதும். அப்படியும் ஆண்டில் பலமுறை வந்தால் மூக்கில் தங்கிய கிருமியை நீக்கச் சில நாள் தடவும் களிம்பை மருத்துவர் எழுதித் தருவார்.

கடைசியாக, விழாச் சமையல். கையில் சீழ்க்கட்டி உள்ளவர் பிசைந்த மாவிலும் கிண்டிய கோவாவிலும் இந்தக் கிருமி விழுந்து, வெளியே சில மணி நேரம் வைத்திருக்கையில் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. மீண்டும் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் பந்தியோடு வாந்தி எடுப்பதற்கு இதுவே காரணம். சமைத்ததை மறுநாளைக்கு வைக்காத வழக்கமும், பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் வழக்கமும் இந்த வகையில் பெரிய காப்பு. ஆயினும் காலையில் செய்த பால் இனிப்பு நண்பகல்வரை பந்தலின் சூட்டில் இருந்தாலே போதும். எனவே விடியற்காலையில் சமையற்கூடத்தின் வாசலில் ஒருவர் நின்று, உள்ளே போகும் ஒவ்வொருவரின் விரல்களையும் பார்த்து அனுப்பட்டும். நகச்சுற்றோ கட்டியோ உள்ளவருக்கு அன்று நன்கொடைச் சீட்டு எழுதும் மேசையில் இடம் கொடுக்கலாம். அங்கும் ஆள் பற்றாக்குறைதான்.